ஸ்க்ரூ வைக்கும் முன்

"நாலு கடை தாண்டுறதுக்குள்ள கால் ரெண்டும் கனத்துப் போகுது சார். குனிஞ்சு உக்காந்தா சரியாயிடுது." கீழ்முதுகில் தண்டுவடக் குழாய் சுருங்கியவர் பெரும்பாலும் இப்படித்தான் சொல்வார். நிமிரும்போது தடித்த மஞ்சள் தசைநார் உள்ளே மடிந்து நரம்புகளை நெரிக்கிறது. குனிந்தால் விரிந்து இடம் விடுகிறது. நூறடி நடக்க முடியாதவர் சைக்கிளில் ஊரைச் சுற்றி வருவதும் அதனால்தான். பாத நாடியையும் தொட்டுப் பார்த்து ரத்தக்குழாய் அடைப்பு இல்லையென்று தெரிந்துகொண்டால், எம்.ஆர்.ஐ.க்கு முன்பே நோய் ஏறக்குறைய பிடிபட்டுவிடும்.

ஆனால் படத்தைப் பார்த்ததுமே அறுவைக்குத் தேதி குறிக்கும் பழக்கம் நம்மிடையே வளர்ந்து வருகிறது. படத்தில் குழாய் நன்றாகச் சுருங்கியிருந்தும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் நடமாடும் முதியவர்கள் உண்டு.

இன்னும் பெரிய கவலை, நெரிசலை நீக்கும் கையோடு ஸ்க்ரூவும் ராடும் வைத்து முள்ளெலும்புகளை இணைத்துவிடுவது (ஃபியூஷன்). 2016இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில் 247 பேர். ஃபியூஷன் சேர்த்துச் செய்ததால் இரண்டாண்டு முடிவில் கூடுதல் பலன் இல்லை, முள்ளெலும்பு நழுவியிருந்தவர்களுக்கும்கூட. ரத்த இழப்பும் செலவும்தான் கூடின. அதே ஆண்டில் வந்த அமெரிக்க ஆய்வு, நழுவல் உள்ள 66 பேரிடம், ஃபியூஷனுக்குச் சற்றே சாதகமாக அமைந்தது. 2021இல் நார்வே, நழுவல் உள்ள 267 பேரை எடுத்துக்கொண்டு, நெரிசலை மட்டும் நீக்கினாலே போதிய பலன் கிடைப்பதைக் காட்டியது. இவற்றை எடைபோட்டால், ஸ்க்ரூ வைப்பவர்தான் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர் என்பது எங்கள் கருத்து.

காரணங்கள் இல்லாமல் இல்லை. குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு கணிசமாக நகர்வது, முதுகு பக்கவாட்டில் வளைந்திருப்பது, நரம்பை விடுவிக்க முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள முகமூட்டின் பெரும்பகுதியை எடுத்தே ஆக வேண்டியிருப்பது ஆகியவை நியாயமானவை. ஆனால் அவசரத்தில் முகமூட்டை அளவுக்கு மீறிச் செதுக்கிவிட்டு, பிறகு அதையே காரணம் காட்டுவது நியாயமாகாது.

சிறுநீர் கட்டுப்பாடு தவறினால் தாமதிக்காமல் அறுவைக்கு எடுக்க வேண்டும். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு உடற்பயிற்சியும் மருந்தும் கொடுத்துப் பார்க்க அவகாசம் உண்டு. அறுவைதான் என்று முடிவானால், நடை தேறும், கால்வலி குறையும் என்று சொல்லலாம். பழைய முதுகுவலியும் நெடுநாள் மரத்த பாதமும் அப்படியே இருந்துவிடலாம் என்பதையும் நோயாளியிடமும் வீட்டாரிடமும் கையெழுத்து வாங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.