யாருக்காக இந்த வேட்டை?

காரைக்காலில் காடு கிடையாது, கடலும் வயலும்தான். ஆனாலும் வீரப்பனைத் தேடிய காலத்தில் எங்கள் டீக்கடை பெஞ்சில் சத்தியமங்கலம் காட்டையே விரித்துவிடுவார்கள். 'இந்நேரம் மாதேஸ்வரன் மலைக்குப் போயிருப்பான்', 'இவனுங்களால புடிக்க முடியாதுப்பா' என்று ஆளுக்கொரு யூகம். நானும் அளந்திருக்கிறேன்.

போலீசாரையும் வனத்துறையினரையும் கொன்றவன் என்று ஆண்டுக்கணக்கில் தேடினார்கள். 2004 அக்டோபர் 18 அன்று சுட்டுக் கொன்றது காட்டுக்குள் அல்ல. பாப்பாரப்பட்டி அருகே ரோட்டில், ஆம்புலன்ஸ் வண்டியில். எங்கள் யூகம் எதிலும் வராதவர்கள் காட்டோரத்து ஊர்ச் சனங்கள். அதிரடிப்படை அவர்களை இழுத்துப்போய்ச் செய்த சித்திரவதைகளை தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த சதாசிவா குழு விசாரித்தது. 2007இல் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் நிவாரணம் தரச் சொன்னது ஆணையம்.

தோழர்களே, எங்கள் பக்கத்துக் கதைக்கு வாருங்கள். கூலி உயர்வு கேட்ட கீழ்வெண்மணியில், 1968 டிசம்பர் 25 இரவு, நம் சனங்கள் 44 பேரைக் குடிசையோடு கொளுத்தினார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்களின் வீடு ஊருக்கே தெரியும். எந்தக் காட்டிலும் தேடவேண்டியதில்லை. கீழ்க்கோர்ட்டு தண்டித்தது. 1973இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரிய மனுசங்க நடந்துபோய்த் தீ வைப்பாங்களா என்று அதற்குச் சந்தேகம்!

அடுத்த தேடுதல் வேட்டைச் செய்தி வரும்போது 'எங்க ஒளிஞ்சிருப்பான்' என்பதோடு நிறுத்தாதீர்கள். செத்தது யாரு, இப்ப அடி வாங்குறது யாரு என்றும் கேளுங்கள்.