எதிர்ல வாறவருக்கும் கண் இருக்கு

இரவு ஏழு மணிக்குப் பிறகு மட்டக்களப்பிலிருந்து வந்தாறுமூலைக்கு பைக்கில் வந்த எவருக்கும் நான் சொல்லப்போறது புதுசா இருக்காது. ஏறாவூர் தாண்டி, செங்கலடிச் சந்தி தாண்டி, கொம்மாதுறைப் பக்கம் வரும்போது எதிரே ஒரு வெள்ளை வெளிச்சம் வரும். லொறியா, வானா என்டு நினைச்சு ஓரம் கட்டினால், கடந்து போறது ஒரு நூறு சி.சி. பைக். அது போன பிறகு ரெண்டு மூன்று செக்கனுக்கு ரோட்டே இல்லை. வெள்ளைக் கோடு இல்லை, ஓரத்தில் போற சைக்கிள் இல்லை, படுத்திருக்கிற மாடும் இல்லை. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் 3 செக்கன் என்பது 33 மீற்றர். அந்த 33 மீற்றரை நாங்கள் நம்பிக்கையில்தான் ஓடுறோம்.

பைக்கோடு வந்த ஹலோஜன் பல்பைக் கழற்றிவிட்டு, அதே ஹெட்லைட் கூட்டுக்குள் எல்.ஈ.டி. பல்பை மாட்டுறது இப்போது சைட் கண்ணாடி மாத்துற மாதிரி ஒரு வேலை. பாட்ஸ் கடையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள், பத்து நிமிசத்தில் மாட்டியும் தருவார்கள். என்ட கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எங்கட ஊரில் ஓடுற பெரும்பாலான பைக்குகளிலும் ஸ்கூட்டிகளிலும் இதைச் செய்யக் கூடாது. ஆனால் செய்யிறவர்கள் மேல் கோபப்படவும் என்னால ஏலாது.

ஏன் ஏலாது என்டால், அந்தப் பழைய வெளிச்சம் உண்மையிலேயே போதாது. சின்ன பைக்குகளில் வழமையா இருக்கிறது 35 வொட் ஹலோஜன். டிம்மில் சுமார் 525 லூமன், பிரைட்டில் 825 லூமன், அதுவும் பல்ப் புதுசா, வோல்ட் சரியா இருந்தால்தான். கார்களில் இருக்கிற எச்4 பல்ப் டிம்மிலேயே 1000 லூமன் தரும். இதுக்கு மேல இன்னொரு பிரச்சினை. பழைய சின்ன வண்டிகள் கனக்கவற்றில் ஹெட்லைட்டுக்குப் போற கரண்ட் பற்றரியில் இருந்து வாறதில்லை, எஞ்சின் சுத்துறபோது கொயிலில் இருந்து நேரா வருது. அக்சிலேட்டரை முறுக்கினால் வெளிச்சம், விட்டால் மங்கல். பள்ளம் கிடக்கு என்டு வேகத்தைக் குறைக்கிற அதே நேரத்தில் பள்ளத்தைக் காட்ட வேண்டிய லைட்டும் குறையும். இதைவிட மோசமான ஒரு ஏற்பாட்டை யோசிச்சுத்தான் கண்டுபிடிக்க வேணும்.

பின்னேர விரிவுரை முடிந்து தனியா ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போற பிள்ளைகளுக்கு வெளிச்சம் என்பது பள்ளத்தைப் பற்றிய விசயம் மட்டும் இல்லை. ஒழுங்கை முனையில் நிக்கிறது ஆரு என்டு தூரத்திலேயே தெரிய வேணும். நானும் ஸ்கூட்டி ஓடுறவள்தான், எனக்கு இது நல்லா விளங்கும். அதனால "லைட்டைக் கூட்டாதே" என்டு சொல்ல நான் வரவில்லை. கூடின வெளிச்சம் எங்கே போய் விழுது என்பதுதான் கேள்வி.

இதுக்குக் கொஞ்சம் ஹலோஜன் பல்பின் உள்ளுக்குள் போக வேணும். (கலைப்பீடத்துப் பிள்ளை விஞ்ஞானம் கதைக்குது என்டு சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். ஓ.எல். விஞ்ஞானப் புத்தகத்தில் இருந்த குழிவாடிப் பாடம்தான் இது.) பல்புக்குள் ரெண்டு டங்ஸ்டன் இழைகள். பிரைட்டுக்கான இழை, பின்னாலிருக்கிற ஆடியின் குவியத்துக்குக் கிட்ட இருக்கும். டிம்முக்கான இழை அதுக்குக் கொஞ்சம் முன்னால. அந்த டிம் இழைக்குக் கீழ ஒரு சின்ன உலோகக் கிண்ணி இருக்கும். பழைய பல்ப் ஒன்றை எடுத்துப் பாருங்கள், கண்ணுக்கே தெரியும். கிண்ணி என்ன செய்யுது என்டால், டிம் இழையின் வெளிச்சம் ஆடியின் கீழ்ப்பாதியில் படாமல் மறைக்குது. மேல்பாதியில் மட்டும் பட்ட வெளிச்சம் கீழ் நோக்கித் திரும்பி ரோட்டில் விழும். எதிரே வாறவர்ட கண் மட்டத்துக்கு மேல பெரிசா எதுவும் போகாது. அவ்வளவு எளிமையான ஒரு வேலை, ஆனால் எல்லாமே இழை இருக்கிற இடத்தில் தங்கியிருக்கு. ஆடியின் ஒவ்வொரு வளைவும் அந்தச் சில மில்லிமீற்றர் நீளமான இழையை நினைச்சுத்தான் வார்க்கப்பட்டிருக்கு.

எல்.ஈ.டி. பல்பில் இழை இல்லை. ஒரு தட்டையான தகட்டின் ரெண்டு பக்கத்திலும் சிப்புகள் ஒட்டியிருக்கும். நல்ல கொம்பனிகள் அந்தச் சிப்பை இழை இருந்த இடத்துக்கே கொண்டுவரவும் தகட்டை மெல்லிசாக்கவும் படாத பாடு படுகின்றன. மலிவானதில் தகடு தடிப்பு, சிப் பெரிசு, இடமும் பிசகு. கொலரைச் சரியான கோணத்தில் திருப்பாமல் மாட்டினால் இன்னும் மோசம். ஆடிக்கு இதெல்லாம் தெரியாது. அது தன்ட வளைவின்படி வெளிச்சத்தை அனுப்பும், ஒரு பங்கு ரோட்டுக்கு, ஒரு பங்கு மரத்துக்கு, ஒரு பங்கு எதிரே வாறவர்ட முகத்துக்கு. ஓட்டுறவருக்கு முன்சில்லுக்குக் கிட்ட ரோட் பளீரென்டு தெரியும், "சுப்பர் வெளிச்சம்" என்டு சந்தோசப்படுவார். ஆனால் கிட்ட அவ்வளவு வெள்ளையா இருந்தால் கண்மணி சுருங்கும், தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகும். வேகமா போறவருக்குத் தேவை தூரம்தான்.

பெட்டியில் போட்டிருக்கிற எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 20 வொட் பல்ப், 20,000 லூமன் என்டு அடிச்சிருப்பார்கள். வெள்ளை எல்.ஈ.டி. ஒரு வொட்டுக்கு 100 முதல் 150 லூமன் வரை தரும் என்டு வைத்துக்கொண்டால், 20 வொட்டுக்குக் கூடினது 3000. மிச்சம் 17,000 லூமன் பெட்டியின் அட்டையில் இருந்துதான் வர வேணும். கராஜ்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "தங்கச்சி, ஆக்கள் நம்பரைப் பாத்துத்தான் வாங்குற, நான் என்ன செய்யிற" என்றார். அவரில் பிழையில்லை. பிறகு அவரே ஒரு விசயம் காட்டினார். எல்.ஈ.டி.யின் சூடு பின்பக்கத்தால் போக வேணும், அதனால் பின்னால் ஃபேனோ வெப்பத் தகடோ இருக்கும். அது பைக்கின் றபர் மூடிக்குள் அடங்காது. மூடியை வெட்டுவார்கள், இல்லாட்டி எறிந்துவிடுவார்கள். மாரி மழைக்குத் தண்ணியும் கோடைக்குத் தூசியும் உள்ளே போய், ஒரு வருசத்துக்குள் ஆடியின் வெள்ளிப்பூச்சு கறுத்துப் போகும். பிறகு திரும்ப ஹலோஜன் போட்டாலும் பழைய வெளிச்சம் வராது.

நிறம் இன்னொரு கதை. ஹலோஜன் மஞ்சள், சுமார் 3200 கெல்வின். கடையில் கூட விக்கிறது 6000, 6500 கெல்வின் வெள்ளை. வெள்ளை எல்.ஈ.டி. என்பது உண்மையில் நீல எல்.ஈ.டி.க்கு மேல் மஞ்சள் பொசுபர் பூசினது. அந்த நீலத்தைக் கண்டுபிடிச்ச அகசாகி, அமானோ, நகமுரா மூன்று பேருக்கும் 2014 இல் பௌதிகவியல் நோபல் கிடைச்சது. உலகத்துக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்ட மேசை விளக்கும் அதுதான். ஆனால் நீலம் கூடின வெளிச்சம் இரவில் எதிரே இருந்து வரும்போது கண்ணைக் கூடுதலா உறுத்தும். வயசு போன கண்ணுக்கு இன்னும் கூட. கண்புரை தொடங்கினவர்களுக்கு வில்லைக்குள்ளேயே வெளிச்சம் சிதறும், ஒரு பல்ப் ஒரு பெரிய வெள்ளைப் புகையாத் தெரியும். என்ட அம்மம்மா சாயந்தரம் கோயிலுக்குப் போய் வரும்போது எதிரே பைக் வந்தால் அப்படியே நின்றுவிடுவா. "போகட்டும், பிறகு நடப்பம்" என்பா. நடக்கிற ஆளுக்கு நிக்கலாம். சைக்கிளில் வாற ஐயாவுக்கு?

எங்கட ரோட்டில் இரவில் ஆரெல்லாம் இருக்கிறார்கள் என்டு ஒருக்கா எண்ணிப் பாருங்கள். வேலை முடிந்து லைட் இல்லாத சைக்கிளில் வாறவர்கள். வயலுக்கு யானைக் காவலுக்குப் போறவர்கள். பதுளை வீதியில் பட்டிக்குத் திரும்பாத மாடுகள். வெட்டுக் காலத்தில் பின்லைட் இல்லாமல் நெல்லோடு போற மெசின் பெட்டி. இவர்கள் ஒருத்தரும் எதிர்வாற வெளிச்சத்துக்குப் பதிலடியாத் தங்கட வெளிச்சத்தைக் கூட்ட ஏலாது. கார்க்காரர் திரும்ப பிரைட் அடிப்பார், பைக்காரர் நாளைக்கே தானும் ஒரு எல்.ஈ.டி. வாங்குவார். "எல்லாரும் போட்டிருக்கானுகள் மச்சாள், நான் மட்டும் மெழுகுதிரியோட போறதா?" என்டு எங்கட பச் பெடியன் ஒருவன் கேட்டான். கேள்வி நியாயமானதுதான். ஆனால் இந்தப் போட்டியில் ரெண்டு பக்கமும் கண் கூச, நடுவில் மாட்டுப்படுறது போட்டியிலேயே இல்லாத அந்தச் சைக்கிள்காரர்.

அரசாங்கம் என்ன செய்யுது? நாட்டில் பதிஞ்ச வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள். வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க ஒவ்வொரு வருசமும் புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோறோம். சைலன்சருக்குள் குழாய் விட்டுப் பார்க்கிறார்கள், நல்ல விசயம். ஆனால் ஹெட்லைட் எங்கே அடிக்குது என்டு அங்கே ஒருத்தரும் பார்க்கிறதில்லை. பிறகு திடீரென்டு ஒரு நாள் ரோட்டில் மறிப்பார்கள். 2025 ஜனவரியில் 'க்ளீன் ஸ்ரீலங்கா' தொடங்கின நேரம் பஸ், திரீவீல்களில் இருந்த மேலதிக லைட்டுகளையும் அலங்காரங்களையும் பொலிஸ் கழற்றச் சொன்னதும் சாரதிகள் கொதிச்சதும் ஞாபகம் இருக்கும். என்ட பார்வையில் அந்த முறை சரியில்லை. எது கண்ணைக் கூச வைக்குது, எது வைக்கேல்ல என்டு அளக்காமல், கண்ணுக்குத் தெரியிறதைப் பிடுங்கினால் ஆக்களுக்குப் பொலிசில் கோபம் வரும், பல்பில் வராது. ஜேர்மனியில் ஹலோஜன் கூட்டுக்குள் போடுற எல்.ஈ.டி. பல்புக்கு முதன்முதல் அனுமதி குடுத்ததே 2020 இல்தான். அதுவும் சும்மா இல்லை, எந்த வாகன மொடலின் எந்த ஹெட்லைட்டோடு போடலாம் என்டு சோதிச்சு, பட்டியல் போட்டு. பல்பை மட்டும் தனியாப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல ஏலாது, பல்பும் கூடும் சேர்ந்ததுதான் லைட் என்பது அந்தப் பட்டியலின் அர்த்தம். கொம்பனியில் இருந்தே எல்.ஈ.டி. ஹெட்லைட்டோடு வாற புது மொடல்களை நான் இதில் சேர்க்கவில்லை. அவற்றின் ஆடியும் வில்லையும் சிப்பை நினைச்சே செய்யப்பட்டவை.

அப்ப மங்கல் லைட்டோட கிடந்து சாகிறதா? இல்லை. முதலில் இருக்கிற ஹலோஜனுக்குக் கிடைக்க வேண்டிய வோல்ட் கிடைக்குதா என்டு பாருங்கள். வோல்ட் பத்து வீதம் குறைந்தால் ஹலோஜனின் வெளிச்சம் கிட்டத்தட்ட முப்பது வீதம் குறையும். கறல் பிடிச்ச கனெக்டர், மெல்லிய வயர், தேய்ஞ்ச டிம் சுவிட்ச், இவை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாத் திண்டுவிடும். பற்றரியில் ஓடுற லைட் என்டால் ஒரு ரிலே போட்டுப் புது வயர் இழுத்தாலே வித்தியாசம் தெரியும். மஞ்சளாப் போன முன்கண்ணாடியை மாத்துங்கள். பல்பும் கிழடாகும், கறுத்துப் போனதை எரிஞ்சு அறும்வரை வைத்திருக்க வேண்டியதில்லை.

எல்.ஈ.டி.தான் வேணும் என்டால், ஒரு சுவர் தேடுங்கள். தட்டையான நிலத்தில் 10 மீற்றர் தள்ளி பைக்கை நிறுத்தி, நீங்கள் ஏறி இருந்து, டிம்மைப் போடுங்கள். வழமையாப் பின்னால் ஆள் ஏற்றுவீர்கள் என்டால் அவரையும் ஏற்றுங்கள், ஏனென்டால் பின்பக்கம் பதிந்தால் லைட் மேல போகும். எங்கட ஊரில் ஒரு பைக்கில் அம்மா, அப்பா, பிள்ளை மூன்று பேரும்தானே. சுவரில் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவில் ஒரு தெளிவான கோடு விழ வேணும், அது ஹெட்லைட்டின் உயரத்தைவிட ஒரு சாண் மட்டில் கீழ இருக்க வேணும். கோடே விழவில்லை, சுவர் முழுக்க வெள்ளை என்டால் அந்தப் பல்ப் உங்கட கூட்டுக்குப் பொருந்தாது, திருப்பிக் குடுங்கள். பல்பை வாங்க முதல் மாட்டிப் பார்க்க விடுற கடையாப் பார்த்துப் போறது நல்லம். 4000 கெல்வினுக்குக் கிட்ட மஞ்சள் சாய்ந்தது கிடைச்சால் அதை எடுங்கள், வெள்ளைக்கு ஆசைப்பட வேணாம்.

புகை பார்க்கிற நிலையங்களிலும் இதே சுவர்ச் சோதனையைச் செய்யலாம். ஒரு கோடு, ஒரு டின் பெயின்ட், ஒரு பைக்குக்கு ரெண்டு நிமிசம். லைட் பிழை என்டால் முதல் தரம் ஒரு துண்டு எழுதிக் குடுத்து, ஸ்க்ரூவைத் திருப்பிச் சரிக்கட்டி அனுப்பினாலே போதும், தண்டப்பணம் பிறகு பார்க்கலாம்.

மெழுகுதிரி கதைச்ச பெடியனைப் போன கிழமை சுவருக்கு முன்னால நிப்பாட்டினோம். கோடு வந்தது, ஆனால் ஹெட்லைட்டைவிட ஒரு முழம் மேல. ஸ்க்ரூவை இறக்கினான். மேல சிதறுற வெளிச்சம் முழுசா நிக்கேல்ல, பல்பை அவன் இன்னும் மாத்தவும் இல்லை. சம்பளம் வரட்டும் என்கிறான்.