எண்ணுகிறவரிடமே முறையிடுவதா?



பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியும். பண்டிகைக் காலங்களில் இத்தகைய முகாம்களுக்கு அரிசியும் துணியும் கொடுக்கிறோம், நல்லதுதான். ஆனால் அங்குள்ள கூரையையும் கழிவறையையும் பார்த்து, குறை இருந்தால் எழுதி வெளியிடும் பொறுப்பு யாருடையது என்று கேட்டதுண்டா?

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் வந்தவர்களுக்காகத் தொடங்கியவை இம்முகாம்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 317 கோடி ரூபாய்க்குத் திட்டங்களை அறிவித்தது. அவற்றில் 7,469 புதிய வீடுகளும் அடங்கும். 'அகதிகள் முகாம்' என்ற பெயரும் 'மறுவாழ்வு முகாம்' என மாறியது. மனதார வரவேற்கிறோம். ஆனால் அவ்வாண்டு அமைக்கப்பட்ட ஆலோசனைக் குழுவுக்குத் தலைவர் துறை அமைச்சரேதான்.

முகாமில் ஆள் கணக்கு எடுப்பவர்கள் வருவாய்த் துறையினர். கணக்கில் பெயர் விழுந்தால்தான் உதவித்தொகை. அன்று வேலைக்குப் போனால் பெயர் விடுபடும் என்ற பயம். ஏலத்தோட்டத்துக்கு விடியற்காலையில் ஜீப் ஏறும் கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்கு, ஒரு நாள் கூலி போவது என்னவென்று நாம் விளக்க வேண்டியதில்லை. இதில் குறை சொல்ல வேண்டுமானால் யாரிடம் போவது? பெரும்பாலும் அதே அலுவலகத்துக்குத்தான்.

2016 மார்ச்சில், திருமங்கலம் அருகே உச்சப்பட்டி முகாமில் ஆள் கணக்கு எடுத்தபோது, மருத்துவமனையில் இருந்த மகனின் பெயரைப் பதிவதில் வாக்குவாதம் எழுந்தது. அந்தத் தந்தை அங்கேயே உயிரை மாய்த்துக்கொண்டார். ஓர் அதிகாரியைக் குறை கூறி இதை முடித்துவிட முடியாது. அந்த வேளையில் அவர் முறையிட, அத்துறைக்கு வெளியே ஒருவர்கூட இல்லை என்பதே நம்மை உறுத்துகிறது.

1992இல் தாயகம் அனுப்பப்பட்டவர்கள் விரும்பித்தான் போகிறார்களா என்று கேட்டறிய, ஐ.நா. அகதிகள் ஆணையத்துக்குச் சென்னையில் அலுவலகம் திறக்க அனுமதி கிடைத்தது. தங்கியிருப்போர் எப்படி வாழ்கிறார்கள் என்று முகாமுக்குள் போய்ப் பார்க்க அனுமதி இல்லை. போகிறவருக்குச் சாட்சி உண்டு, இருப்பவருக்கு இல்லை! 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவும் இல்லை.

இங்கிலாந்தில் நேப்பியர் என்ற பழைய படைமுகாமில் புகலிடம் கேட்டோரைத் தங்க வைத்தார்கள். 2021 பிப்ரவரியில் அரசுத் துறையைச் சாராத ஆய்வாளர்கள் உள்ளே சென்று, அதன் அவல நிலையை வெளிப்படையாக அறிவித்தார்கள். அவ்வாண்டு ஜூனில் உயர்நீதிமன்றமும் அந்த ஏற்பாடு போதுமான தரத்தில் இல்லை என்றது.

நம் நாட்டில் இதற்கு வழியே இல்லையா? 1993ஆம் ஆண்டின் மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 12ஆம் பிரிவு, மாநில அரசின் பொறுப்பில் பாதுகாப்புக்காக மக்கள் தங்க வைக்கப்பட்டிருக்கும் இடங்களை நேரில் பார்வையிட ஆணையங்களுக்கு அதிகாரம் தருகிறது. மறுவாழ்வு முகாமும் இதில் அடங்கும் என்பதே நம் கருத்து. சக்மா அகதிகளுக்காகத் தேசிய ஆணையம் உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1996இல் வெற்றியும் பெற்றது.

ஆகவே நாம் கேட்க வேண்டியது புதிய சட்டமல்ல. ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஆணையம் ஒவ்வொரு முகாமுக்கும் வரட்டும், கண்டதைத் தமிழில் வெளியிடட்டும். பாதிக்கப்பட்டவர் சார்பில் யாரும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கு மனு அனுப்பலாம், கட்டணமும் இல்லை. நம் பங்குகளில் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், ஆசிரியர்கள் இருக்கிறார்கள். முதலில் முகாம் மக்களோடு உட்கார்ந்து, அவர்கள் எதை எழுதச் சொல்கிறார்கள் என்று கேட்போம்.