ஒத்தூதுவோனுக்கு உரிய இடம்

நம் தமிழ் வழக்கிலே ஒருவனை இகழ்ந்துரைக்க வேண்டின், ‘அவன் இன்னாருக்கு ஒத்து ஊதுகின்றான்’ என்பர். தனக்கென ஒரு கருத்தின்றிப் பிறர் சொல்வதற்கெல்லாம் தலையசைப்பவன் என்பது அதன் பொருள். இவ்வழக்கு நாகசுர மேளத்தினின்று பிறந்தது. ஆயினும், ஒத்து ஊதுதல் எத்துணை அரிய தொழில் என்பதனை எண்ணிப் பார்த்தோர் சிலரே. ஒத்து என்பது நாகசுரம் போன்ற வடிவுடையது. விரல் வைத்து வாசிக்கும் துளைகள் அதற்கில்லை. அடிப்புறத்துள்ள சில துளைகளை மெழுகினால் அடைத்தும் திறந்தும் சுருதி கூட்டுவர். அதனை ஊதுவோன் மேளம் தொடங்கியது முதல் முடியுமளவும் ஒரே சுரத்தை மூச்சு அறாமல் நிறுத்த வேண்டும். மூக்கினால் காற்றை வாங்கிக்கொண்டே வாயினால் விடும் பயிற்சி கைவந்தாலன்றி இது இயலாது. சுவாமி புறப்பாட்டிலே நடந்துகொண்டே இதனைச் செய்து வந்தவனைத்தான் நாம் பழிமொழிக்கு உவமையாக்கினோம். பின்னர்ச் சுருதிப்பெட்டி வந்தது. மின்சாரத்தில் இயங்கும் சுருதிப்பெட்டியும் வந்தது. ஒத்துக்காரர் பெரும்பாலும் மேளத்தினின்று மறைந்தனர். மறைந்தவரைப் பற்றி எவரும் பெரிதாக வருந்தியதாகத் தெரியவில்லை.

இதனை ஈண்டு எடுத்துரைத்தது எற்றுக்கெனின், பேஸ் கிதார் வாசிப்போரும் அவ்வழியே அனுப்பப்படுவரோ என்னும் அச்சம் எமக்கு உண்மையினாலேயாம்.

கூடுவாஞ்சேரி, சென்னைக் கடற்கரையினின்று செங்கற்பட்டுக்குச் செல்லும் மின்ரயில் வழியிலே ஊரப்பாக்கத்திற்கும் பொத்தேரிக்கும் இடையே உளது. (கூடுவார் கூடுகின்ற சேரி எனப் பெயர்க்காரணம் கூற யாம் துணியோம், அது இடப்பெயர் ஆராய்வார் பணி.) தேவாலயப் பாடற்குழுவினர், கல்லூரி மாணவர், மணமண்டப வரவேற்புகளில் வாசிக்கும் மெல்லிசைக் குழுவினர், மாமல்லபுரத்துக் கடற்கரை விடுதிகளில் வார இறுதிகளில் வாசிப்போர் எனப் பல்திறத்தார் இவ்வூரைச் சூழ வாழ்கின்றனர். இவருள் பேஸ் வாசிக்கும் சிலர் ஞாயிறு மாலைகளில் ஒரு நண்பர் வீட்டு மாடியிற் கூடி உரையாடுவது வழக்கம். யாமும் அவருள் அமர்ந்து கேட்டும் உரைத்தும் வருகின்றோம். அங்கு நிகழும் உரையாடலைப் பற்றியே எமது அபிப்பிராயத்தைச் சொல்லப் புகுந்தோம்.

இக்கருவியை அறியாதார் பொருட்டு ஒரு சிறிது கூறுவாம். கிதாருக்கு ஆறு கம்பிகள். பேஸ் கிதாருக்குப் பெரும்பாலும் நான்கு. கிதாரின் தடித்த நான்கு கம்பிகள் எவ்வெச் சுரங்களில் நிற்குமோ, அவற்றின் ஒரு ஸ்தாயி கீழே இவை நிற்கும். மிகத் தடித்த கம்பி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும். நம் பழைய உரைகாரர் மெலிவு, சமன், வலிவு என மூன்று நிலைகளைக் கூறுவர். அவற்றுள் மெலிவினும் மெலிவாகிய இடத்திலே இதன் குடியிருப்பு. முன்னாளில் இவ்வேலையை ஆளுயர டபிள் பேஸ் செய்து வந்தது. அதனைத் தூக்கித் திரிவதும் அரிது. மேளங்களின் ஓசைக்கு நடுவே அதனைக் கேட்பதும் அரிது. அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவிலே லியோ ஃபெண்டர் என்பார் 1951-ஆம் ஆண்டில் மின்சாரத்தால் ஒலிக்கும் பேஸ் கிதாரை விற்பனைக்குக் கொணர்ந்தார். வீணையில் நாம் மெட்டு என்பதை இவர்கள் ஃப்ரெட் என்பர். அவை உள்ளமையால் சுரம் பிழையாது நிற்குமென்று அதற்கு ‘பிரிசிஷன்’ என்று பெயர் வைத்தார். அதனைச் செய்த ஃபெண்டருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது என்பது வியப்பு.

இனி, மாடியில் நிகழும் வாதங்களுக்கு வருவாம். நான்கு கம்பியா ஐந்து கம்பியா என்பது முதல் வாதம். தேவாலயத்தில் வாசிப்போர் பெரும்பாலும் ஐந்தையே விரும்புவர். பாடுவோர் வசதிக்காகச் சுருதி திடீரென்று இறக்கப்படுங்கால் கீழே இடம் வேண்டுமன்றோ? விரலால் மீட்டுவதா, பிக் கொண்டு மீட்டுவதா என்பது மற்றொன்று. புதிய கம்பியின் துலக்கமா பழைய கம்பியின் மங்கலா என்பது இன்னொன்று. கடற்கரை விடுதியில் வாசிக்கும் நண்பருக்கு இவ்வாதத்தில் இடமே இல்லை. உப்புக் காற்று இரண்டு மாதத்தில் அவர் கம்பிகளைத் துருப்பிடிக்கச் செய்து, வாதத்தை முடித்துவிடுகின்றது. இவையெல்லாம் இனிய வாதங்களே. ஆனால், மாலைப்பொழுதின் பெரும்பகுதி விலையைப் பற்றியே செல்கின்றது. இன்ன கருவி இத்தனை ஆயிரம், அது இருந்தாலன்றி இன்ன ஒலி வாராது, ஆதலால் கடன் வாங்கியேனும் கொள்ளவேண்டும் என்னும் பேச்சை யாம் ஒப்புதற்கில்லை.

டெட்ராயிட் நகரத்து மோட்டவுன் இசைத்தட்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் என்பவரைப் பேஸ் வாசிப்போர் அனைவரும் குருவாகப் போற்றுவர். அவர் தம் கருவியின் கம்பிகளை, அறுந்தாலன்றி, மாற்றியவர் அல்லர். வலக்கையில் ஒரு சுட்டுவிரலாலேயே மீட்டினார். பீட்டில்ஸ் குழுவின் பால் மக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க் நகரத்திலே வாங்கிய ஹோஃப்னர் பேஸ், அக்காலத்து ஏறத்தாழ 30 பவுன் விலையுள்ள எளிய கருவி. இடக்கையாளராகிய அவர், இருபுறமும் ஒத்த அதன் வயலின் வடிவம் தமக்குத் தலைகீழாகத் தோன்றாதென்று அதனைத் தெரிந்துகொண்டார். 1972-இல் களவு போன அக்கருவி, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து மீண்டும் அவரிடம் சேர்ந்த செய்தி 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்தது. விலையுயர்ந்தது என்பதற்காகவா அதனைத் தேடினார்கள்?

செலவு செய்யத்தான் வேண்டுமென்போர் நேரத்தைச் செலவு செய்வாராக. நொடிக்கு 41 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 27 அடி. மணமண்டபத்துச் சிமெண்டுச் சுவர்களுக்கிடையே அவ்வொலி சுவரோரத்தும் மூலையிலும் பொங்கும். நடுவே சில இடங்களில் மெலிந்துபோம். வாசிப்பவன் தன் ஆம்ப் அருகே நின்று, ‘எனக்குக் கேட்கவில்லையே’ என்று குமிழைத் திருப்புகின்றான். பின்வரிசையில் இலை முன் அமர்ந்திருக்கும் பெரியவருக்கு நெஞ்சு அதிர்கின்றது. சவுண்ட் செக் வேளையில் தன் கருவியை வேறொருவர் கையிற் கொடுத்துவிட்டு மண்டபத்தை ஒருமுறை சுற்றி வருதல், புதுக் கருவி வாங்குவதினும் மிகுந்த பயன் தரும் என்பது எம் துணிபு. இதற்கு மாடியில் எதிர்ப்பு உண்டு. சுற்றி வர நேரம் எவர் தருகின்றார் என்பர். உண்மையே; மணமக்கள் மேடைக்கு வரும்வரை அலங்காரப் பணியாளரே மேடையை விட்டு இறங்குவதில்லை.

ஆயின், இவ்வாதங்களில் எல்லாம் எவரும் வாய் திறவாத பொருள் ஒன்று உண்டு. இக்கட்டுரை எழுத நேர்ந்தது அதன் பொருட்டே. அண்மையில் ஒரு மெல்லிசைக் குழு (பெயர் வேண்டா) எம் நண்பருள் ஒருவரை, ‘இனி நீர் வரவேண்டியதில்லை, கீபோர்ட் வாசிப்பவர் இடக்கையாலேயே பேஸைக் கொடுத்துவிடுகின்றார், மிகுதியை ட்ராக் பார்த்துக்கொள்ளும்’ என்று விடுத்தது. ஐவர் பங்கு நால்வர் பங்காயிற்று. குழுத் தலைவர் கொடியவர் அல்லர். வரவேற்பு நடத்துவோர் பேரம் பேசிக் கூலியைக் குறைக்கின்றனர். வண்டி வாடகை ஏறுகின்றது. எவரையேனும் குறைக்க வேண்டின், எவர் இல்லாமையைக் கேட்போர் அறியாரோ அவரைக் குறைப்பதே எளிது. பாடகரைக் குறைக்க இயலுமோ?

கேட்போர் அறியார் என்பது மெய்யா என்று ஆராய்வாம். இன்று பாட்டுக் கேட்போரிற் பலர் கைபேசியிற் கேட்கின்றனர். கைபேசியின் சிறு ஒலிபெருக்கியால் அத்தாழ்ந்த அதிர்வுகளை எழுப்ப இயலாது. ஆயினும், மேலுள்ள கிளையொலிகள் செவியில் விழுமேல், இல்லாத அடியொலியை மூளை தானே இட்டு நிரப்பிக்கொள்ளும் என்பது இயற்பியலாரும் உளநூலாரும் ஒருங்கே கண்ட உண்மை. ஒலிபெருக்கி கைவிட்டதைக் கேட்பவனே தன்னுள் மீட்டெடுத்துக்கொள்கின்றான்! அத்துணைத் தேவையான ஒன்றை வேண்டாதது என்று எங்ஙனம் கூறுவது? 1980-இல் வெளிவந்த ‘மூடுபனி’ திரைப்படத்தின் கிதார்ப் பாட்டை முதலிற் கைபேசியிலும், பின்னர் நல்ல ஹெட்ஃபோனிலும் கேட்குமாறு தோழரை வேண்டுகின்றோம். பாடுவோர் குரலுக்கு அடியிலே மற்றொரு பாட்டு நடப்பதைக் காண்பீர்கள். இளையராஜா 1976-இல் ‘அன்னக்கிளி’ வாயிலாகத் திரையுலகிற் புகுந்தவர். தாமே கிதார் வாசித்துப் பழகியவர். பேஸுக்கும் தனியே சுரக்குறிப்பு எழுதிக் கொடுப்பவர். அவர்தம் குழுவில் சசிதரனும், 1992-இல் ‘ரோஜா’வோடு தொடங்கிய ஏ. ஆர். ரகுமான் பாட்டுகளிற் பலவற்றில் கீத் பீட்டர்ஸும் வாசித்தவை, தமிழர் செவியில் நாள்தோறும் விழுகின்றன. மும்பையிற் பிறந்து ரகுமானோடு மேடையேறிய மோகினி தே என்னும் இளம்பெண்ணின் விரல்வேகத்தைக் கண்டு மாடியில் யாவரும் மூச்சடங்கியிருந்ததும் உண்டு.

ஆயினும், நம் வீட்டார் எவரையேனும் நிறுத்தி, இப்பாட்டில் பேஸ் வாசித்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர், ஏன், நடித்தவர் பெயரையும் சொல்வர். பழைய இசைத்தட்டு உறைகளில் வாத்தியக்காரர் பெயரைத் தேடுதல் மணலிற் குன்றிமணி தேடுதலே. ரகுமான் தம் பாட்டுத் தொகுப்புகளில் வாசித்தோர் பெயரை அச்சிட்டது அதனாலேதான் பெரிதாகப் பேசப்பட்டது. இக்குறை நமக்கே உரியதன்று. ஜேமர்சன் பெயரை மோட்டவுன் நிறுவனம் ஓர் இசைத்தட்டின் உறையில் அச்சிட்டது 1971-இல். அதற்குள் அவர் அந்நிறுவனத்துக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் வாசித்துவிட்டார். 1983-இல் அவர் இறந்தார். புகழ் மண்டபத்தில் அவர் பெயர் ஏறியது 2000-இல்.

தமிழ் பயில்வோராகிய எமக்கு இவ்விடத்தே சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதை நினைவுக்கு வருகின்றது. மாதவி ஆடும் அரங்கிலே கருவிகள் ஒன்றையொன்று பற்றி எழும் முறையை இளங்கோவடிகள் வகுத்துக் கூறுகின்றார்: குழலை யாழ் பின்பற்றுகின்றது, யாழைத் தண்ணுமை தழுவுகின்றது, தண்ணுமையோடு முழவு இயைகின்றது, முழவோடு ஆமந்திரிகை கூடுகின்றது. ஒன்றன்பின் நிற்றலை அடிகள் இழிவாகக் கருதவில்லை. அதுவே தகுதி என்கின்றார். அதற்கு முன்னரே ஆடலாசான், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே இலக்கணம் கூறி அவையிலே நிறுத்துகின்றார். பெயரும் இலக்கணமும் பெற்றே அவர்கள் ஒருவர் பின் ஒருவர் நிற்கின்றனர். நாமோ, பின் நிற்பவனுக்குப் ‘பின்பாட்டு’, ‘ஒத்து’ என்று பழிமொழி செய்து கொடுத்தோம்.

இவ்விகழ்ச்சி எங்கே தொடங்குகின்றது என்று பார்த்தால், கல்லூரி இசைக்குழுக்களிலேயே தொடங்குகின்றது. நால்வர் கூடுவர், மூவர்க்கும் கிதாரே வேண்டும், அவருள் தேர்ச்சி குன்றியவன் கையில் பேஸைத் திணிப்பர். ‘நான்கு கம்பிதானே!’ என்பது ஆறுதல் மொழி. மக்கார்ட்னிக்கும் பேஸ் இப்படித்தான் வந்தது. முன்பு வாசித்தவர் குழுவை விட்டு நீங்க, வேறெவரும் விரும்பாமையால் அவர் தலையில் விழுந்தது. ஆனால், எல்லா மேடையிலும் மக்கார்ட்னி வாய்ப்பாரென்று எதிர்பார்த்தல் கூடுமோ? தாளம் பிழைப்பவனிடம் டிரம்ஸுக்கும் சுரத்துக்கும் இடையிலுள்ள பாலத்தை ஒப்புவித்துவிட்டு, பிறகு குழு ஒன்றாகக் கூடவில்லை என்று மாதக்கணக்கில் வருந்துகின்றோம். நுண்ணிய செவியுடையான் எவனோ அவனுக்கே அது தரத்தக்கது. விரல் வேகம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ட்ராக்கைப் பற்றி இன்னும் ஒன்று. அது பிழை செய்யாது என்பர். மெய், பிழையைத் திருத்தவும் செய்யாது. மணமகளின் சிறிய தந்தையார் மேடையேறி, தமக்குப் பிடித்த பாட்டைத் தாமே பாடுவேனென்று ஒலிவாங்கியைப் பற்றுவது நம் வரவேற்புகளில் நாம் அறியாத காட்சியன்று. அவர் சரணத்தை இரண்டு தாளவட்டம் முன்னரே எடுத்துவிடுவார். அல்லது பாதியில் நின்று உறவினரை வரவேற்பார். ட்ராக் தன்வழியே போய்க்கொண்டிருக்கும். பேஸ் வாசிப்பவன் அவர் வாயை நோக்கி நிற்பான். அவர் நின்ற இடத்தில் அடிச்சுரத்தைப் பிடித்து நிறுத்தி, அவர் திரும்பியதும் கூட அழைத்துச் செல்வான். அவர் நன்றாகப் பாடினாரென்று எல்லாரும் கைதட்டுவர். கீபோர்டின் இடக்கையும் இதனைச் செய்யக்கூடும் என்பதை மறுக்கவில்லை. ஆனால், அவ்வேளை வலக்கைக்கு வேறு வேலை இருக்கும்.

ஆகவே, மாடியிற் கூடும் நண்பர்க்கு எம் வேண்டுகோள்: விலைப்பட்டியலை ஒரு ஞாயிறு மடித்து வைத்துவிட்டு, பேஸ் இன்றி வரச்சொல்லும் குழுவுக்கு நம்முள் எவரும் வேறு கருவி வாசிக்கச் செல்வதா, இல்லையா என்பதைப் பேசுவோமாக. எம் கருத்து, செல்லலாகாது என்பது. நண்பர் இருவர் இதனை ஒப்பவில்லை. அவர்கள் வீட்டுச் செலவை யாம் அறிவோம். ஆதலால் வற்புறுத்தவும் மாட்டோம். கல்லூரியில் இசைக்குழு அமைக்கும் தோழர்க்கோ கேட்பது சிறிது: பேஸுக்கென்று ஒரு பொது ஆம்ப் வாங்குக, ஆள் தெரியும்போது அக்கருவிக்கு முதலில் தெரிக, நிகழ்ச்சிநிரலை அச்சிடும்போது, பாடுவோர் பெயருக்குக் கீழே அதனை வாசிப்பவர் பெயருக்கும் ஒரு வரி விடுக.