பிரட்டுக்கு முன் ஒரு பள்ளிக்கூடப் பயணம்



காலை ஆறரை மணிக்கு நமது தோட்டத்துச் சந்திகளில் வழக்கமாகப் பார்க்கும் காட்சிதான். ஒரு பழைய மோட்டார் சைக்கிள். பெற்றோல் டாங்கியின் மேல் சின்னவள், பின்னால் பெரியவன், அவன் முதுகில் புத்தகப் பை. மழை நாளென்றால் மூவருக்கும் ஒரே பொலித்தீன்.

நானும் அப்படித்தான் போகிறேன். மூத்தவன் நாலாம் ஆண்டு, இளையவள் முதலாம் ஆண்டு. எங்கள் மேற்பிரிவிலிருந்து பாடசாலைக்கு நாலு கிலோமீற்றர். மனைவிக்குக் கொழுந்து, எனக்குக் கவ்வாத்து. பிரட்டுக்குப் பிந்தினால் அரைப் பேர், சில நாள் அதுவும் இல்லை. ஆகவே பாடசாலைக் கதவு திறக்கும் முன்பே பிள்ளைகளை வாசலில் இறக்கிவிட்டு மலைக்கு ஓடி வருகிறேன். பனியில் அரை மணித்தியாலம் அவர்கள் அங்கேயே நிற்கிறார்கள்.

போன மாதம் டவுன் சந்தியில் பொலிஸ் மறித்தது. பின்னால் ஒருவர்தான் இருக்கலாம், ஏறுகிற எல்லோருக்கும் தலைக்கவசம் வேண்டும் என்றார்கள். தண்டப்பணச் சீட்டும் தந்தார்கள். அவர்கள் சொன்னது சரி, அதில் எனக்கு வழக்கு இல்லை. டாங்கியில் பிள்ளையை வைப்பது ஆபத்து என்று எனக்கும் தெரியும். குழியில் சில்லு விழுந்தால் முதலில் தூக்கி எறியப்படுவது அவள்தான். ஆனால் இரண்டு தடவை போய் வர எனக்கு நேரம் எங்கே?

"நாங்களெல்லாம் நடந்துதானே போனோம்" என்றார் லயத்துப் பெரியப்பா ஒருவர். எத்தனையாம் வகுப்பு வரை நடந்தீர்கள் என்று கேட்டேன். மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டாராம். அன்று பள்ளிக்கூடம் லயத்துக்குப் பக்கத்தில் ஒரே அறை. இன்று பிள்ளைகள் அதைத் தாண்டிப் படிக்கிறார்கள், அதனால்தான் தூரம். குறுக்குப் பாதையில் ஆறு வயதுப் பிள்ளையைத் தனியே விடவும் முடியாது. அட்டையைத் தட்டிவிடலாம், குளவியை என்ன செய்வது?

பெற்றோல் கதையையும் நாம் மறக்கவில்லை. 2021 டிசம்பரில் லீற்றர் 177 ரூபா, 2022 ஜூன் கடைசியில் 470 ரூபா. அப்போது நமது நாட்சம்பளம் 1000 ரூபா. முழுப் பேர் போட்டால் இரண்டு லீற்றர். அந்த மாதங்களில் எங்கள் பிரிவில் பல பிள்ளைகள் வீட்டிலேயே இருந்தார்கள்.

சரி, பாதையை யார் செய்வது? கம்பனியைக் கேட்டால் பிரதேச சபையைக் காட்டுகிறது, சபையைக் கேட்டால் கம்பனி நிலம் என்கிறது. முன்பு அதற்குச் சட்டமும் துணை நின்றது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு சபையின் பணம் தோட்டத்துக்குள் வரத் தடையாக இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டுவிட்டது. திருத்தம் வந்த செய்தி எங்கள் பாதைக்கு இன்னும் எட்டவில்லை போலும். கொழுந்து லொறி போகும் பகுதிக்கு மட்டும் கல் போடுகிறார்கள். சிசு செரிய பஸ் பிரதான வீதியோடு நின்றுவிடுகிறது.

நமது சங்கத்தையும் ஒரு வார்த்தை கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். சம்பளப் பேச்சுக்கு எத்தனை தடவை கொழும்புக்குப் போயிருக்கிறோம்! பள்ளிக்கூடப் பாதைக்காக ஒரு தடவையாவது பிரதேச சபைப் படியேறினோமா? தேர்தல் காலத்தில் மட்டும் பாதை ஞாபகம் வருகிறது.

எங்கள் தோட்டக் கமிட்டியில் நான் மூன்று விடயங்களைச் சொன்னேன். சிறு பிள்ளை உள்ள தாய் அல்லது தகப்பன் ஒருவருக்குப் பிரட்டில் அரை மணித்தியாலம் தளர்வு, பேர் வெட்டாமல். மேற்பிரிவிலிருந்து பிரதான வீதி வரை காலையும் பகலும் பிள்ளைகளுக்குத் தோட்டத்து வாகனம். கொழுந்து ஏற்ற லொறி வரும்போது பிள்ளைகளை ஏற்ற ஏன் ஒன்று வர முடியாது? மூன்றாவது, பாதைக்காகப் பிரதேச சபைக்கு எழுத்தில் கோரிக்கை.

துரை முதலாவதற்கு முடியாது என்றார், இரண்டாவதற்கு யோசிப்போம் என்றார். மூன்றாவது கடிதத்தில் 64 பெற்றோர் கையொப்பம் வைத்திருக்கிறோம். பக்கத்துப் பிரிவுகளும் சேர்ந்தால் வரும் மாதக் கூட்டத்துக்கு முன் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

அதுவரை நான் பெரியவனுக்கு ஒரு தலைக்கவசம் வாங்கியிருக்கிறேன். சின்னவளின் அளவுக்கு டவுனில் இரண்டு கடையில் கேட்டும் கிடைக்கவில்லை.

— மேற்பிரிவுத் தொழிலாளி ஒருவர்