தொப்பி யாருக்கு, கோப்பை கழுவுறது யார்?

வெளிநாடு போன ஆக்களைப் பற்றி எங்கட வீடுகளில கதைக்கேக்க ஒரு வசனம் கட்டாயம் வரும்: "அவன் அங்க கோப்பை கழுவுறான்." பாதி நக்கல், பாதி பரிதாபம். அவுஸ்திரேலியாவின் உணவு எழுத்தைக் கொஞ்ச நாளாகத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். மீனைப் பற்றி, வைனைப் பற்றி, கோப்பிக் கொட்டையை வறுக்கிற விதத்தைப் பற்றி எழுதித் தள்ளியிருக்கிறார்கள். இந்தக் கோப்பை கழுவுறவனை மட்டும் காணேல்லை.

அங்கத்தைய முறையை முதலில சொல்லவேணும். மிச்சலின் நட்சத்திரத்துக்குப் பதிலாக அவுஸ்திரேலியாவில் கொண்டாடப்படுவது 'குட் ஃபூட் கைட்' கொடுக்கிற தொப்பி. 1980இல் மெல்பேர்ணில் 'தி ஏஜ்' பத்திரிகை தொடங்கியது. பிறகு சிட்னிக்கும் வந்தது. 20 புள்ளி. அதில பாதி சாப்பாட்டுக்கு, மிச்சம் உபசரிப்புக்கும் சூழலுக்கும் அதைப்போன்றவற்றுக்கும். ஆகத் திறமெண்டால் மூன்று தொப்பி. ஒரு கடை தொப்பியை இழந்தால் அது செய்தி. இந்த எழுத்தில் சிப்பி எந்தக் குடாவில் வளர்ந்தது, ஆட்டை வளர்த்த பண்ணை எது, திராட்சை எந்தச் சரிவில் பழுத்தது எல்லாம் இருக்கும். அந்தச் சாப்பாட்டை மேசைக்குக் கொண்டுவந்த பிள்ளைக்கு மணித்தியாலத்துக்கு எவ்வளவு கிடைச்சது எண்டது இருக்காது.

2019 ஜூலையில் என்ன நடந்தது? 'மாஸ்டர்செஃப் அவுஸ்திரேலியா' நடுவர் ஜோர்ஜ் கலொம்பாரிஸ் நிறுவிய உணவகக் குழுமம் 515 ஊழியருக்குக் குறைத்துக் கொடுத்த சம்பளம் 78 இலட்சம் டொலருக்கு மேல் என்று வெளிவந்தது. நிலுவையைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதோடு அரசுடன் செய்த உடன்பாட்டின்படி 2 இலட்சம் டொலர் வருத்தத் தொகையும் கட்டினார்கள். சம்பளம் குறைந்தது ஒரு மாதத்திலோ இரண்டு மாதத்திலோ இல்லை, வருசக்கணக்காக. அதே வருசங்களில் அந்தக் கடைகளுக்கு விமர்சகர்கள் போனார்கள், சாப்பிட்டார்கள், எழுதினார்கள். உப்புக் கூடினதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த நாக்குக்கு இது தெரியேல்லை.

நியாயமாகவும் கதைக்கவேணும். உணவகங்களின் சம்பளத் திருட்டைத் தோண்டி எடுத்ததில் 'தி ஏஜ்' நிருபர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. எனக்கு விளங்காத இடமும் அதுதான். ஒரே பத்திரிகை. செய்திப் பக்கம் உணவகங்களின் சம்பளக் கணக்கைக் கேட்குது. சாப்பாட்டுப் பக்கம் தொப்பி போடுது. ரெண்டு பக்கத்துக்கும் நடுவில யார் சுவர் கட்டினது?

என்னோட படிச்ச ஒருத்தன் 2023இல் மாணவர் விசாவில் மெல்பேர்ண் போனவன். நல்ல பெயர் எடுத்த ஒரு கடையின் பின்கட்டில் வேலை. கையில காசாக மணிக்கு 14 டொலர். அப்ப சட்டப்படி ஆகக் குறைந்த கூலி 23 டொலர் 23 சதம். நிரந்தரமில்லாத வேலையெண்டால் அதுக்கு மேல 25 வீதம் கூடக் கொடுக்கவேணும். "ஏன்டா முறைப்பாடு செய்யேல்லை?" எண்டு கேட்டேன். "மச்சான், ரெண்டு கிழமைக்கு 48 மணித்தியாலந்தான் எனக்கு வேலை செய்யலாம். நான் 60 செய்யிறன். வாயைத் திறந்தால் முதல்ல போறது என்ர விசா" எண்டான். முதலாளிக்கு இது தெரியும். தெரிந்துதான் 60 மணித்தியாலம் கொடுக்கிறார். களவு செய்தவர் பயமில்லாமல் இருக்க, களவு கொடுத்தவன் பயந்து கிடக்கிறான்.

இன்னொரு பக்கமும் இருக்கு. கொழும்பில் பிறந்த ஷார்மெயின் சொலமன் 1976இல் எழுதிய ஆசியச் சமையல் புத்தகம் அவுஸ்திரேலியர்களின் குசினிக்குள்ள எங்கட கறியைக் கொண்டுபோனது. இண்டைக்கு அப்பத்துக்கு, கொத்துக்கு அங்க பக்கம் பக்கமாக எழுத்து உண்டு. ஆனால் புலம்பெயர்ந்தவரின் கடைக்கு வழக்கமாகக் கிடைக்கிற புகழ் "மலிவு, அருமை". ஏன் மலிவு எண்டு கேக்கிறதில்லை. பல கடைகளில மனிசி சம்பளமில்லாமல் சமைக்கிறா, மச்சான்ர பெடியன் கைக்காசுக்கு நிக்கிறான். கசான் ஹாஜ் என்ற மானுடவியலாளர் 1997லேயே சிட்னியை வைத்து இதை எழுதினார்: குடியேறியவர்கள் இல்லாத பன்மைப் பண்பாடு. சாப்பாடு வேணும், சமைச்ச ஆள் வேண்டாம்.

"விமர்சகர் தொழில் அதிகாரியா? சாப்பாட்டைப் பற்றி எழுதுறதுதானே அவற்ற வேலை?" என்று கேட்பீர்கள். சரி. அப்ப கோழி கூட்டில வளர்ந்ததா வெளியில மேய்ஞ்சதா எண்டு ஏன் எழுதுறியள்? மீன் பிடிச்ச முறை கடலைக் கெடுக்குதா எண்டு ஏன் கேக்கிறியள்? கோழியின் வாழ்க்கையைக் கேட்கலாம், குசினியில் நிற்கிற ஆளின் வாழ்க்கையைக் கேட்கக்கூடாது என்றால் அது ரசனைப் பிரச்சினை இல்லை, அறம் பற்றிய பிரச்சினை. வேண்டுமென்று சம்பளத்தைக் குறைப்பது 2025 ஜனவரி 1 முதல் அவுஸ்திரேலியா முழுவதும் குற்றம். சட்டமே அதைக் குற்றம் எண்டு சொன்ன பிறகும் 20 புள்ளிக்குள்ள அதுக்கு ஒரு புள்ளி இல்லையா?

இதை அங்க உள்ளவைக்கு மட்டும் சொல்லிப்போட்டு நான் தப்ப ஏலாது. நாங்களும் இங்க யாழ்ப்பாணத்தில, கொழும்பில புதுசாத் திறக்கிற கஃபேக்களுக்குப் போய்ப் படம் எடுத்துப் போடுறம். "சூழல் நல்லம், லாட்டே சுமார்" எண்டு எழுதுறம். பரிமாறுற பிள்ளை காலமை எத்தினை மணிக்கு வந்தவ, இரவு பஸ் இல்லாமல் எப்பிடி வீட்டை போறா எண்டு ஒருத்தரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அவுஸ்திரேலிய உணவு எழுத்தின் பளபளப்பைத்தான் கொப்பி அடிக்கிறம்; அந்தப் பத்திரிகையின் செய்திப் பக்கத்தை இல்லை.

அடுத்தமுறை நான் எழுதப்போற கடையில ரெண்டு கேள்வி கேக்கப்போறன்: சம்பளம் எவ்வளவு, ஈபிஎஃப் கட்டுப்படுதா? பதில் சொல்லாத கடையெண்டால், சொல்லேல்லை எண்டதையே எழுதுவன். சாப்பாடு நல்லாயிருந்தால் அதையும் எழுதுவன், ரெண்டையும் ஒரே பந்தியில.