சென்னைக்குப் போறோம்... பார்க்கவா, வாங்கவா?



அடுத்த மாதம் பத்தாம் வகுப்பு சென்னைக்குச் சுற்றுலா போகிறது. ஒரு வாரமாக வகுப்பில் ஒரே பேச்சுதான். "தி.நகர்ல நீ என்ன வாங்கப் போற?" சென்னையில் என்ன பார்க்கப் போறேன்னு ஒருத்தரும் கேட்கலை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கடைக்கே போகக் கூடாதுன்னு நான் சொல்லலை. அவ்வளவு தூரம் போய்விட்டு தங்கச்சிக்கு ஒரு ஜோடி கம்மல்கூட வாங்காமல் திரும்ப யாருக்கு மனசு வரும்? ஆனால் நமக்கு இருப்பது ஒரே ஒரு நாள். அதில் பாதியை ரங்கநாதன் தெருவுக்கே கொடுத்துவிட்டால் மிச்சம் என்ன?

இன்னொரு விஷயம், யாரும் வெளியே பேசாதது. நம்ம வகுப்பில் கைச்செலவுக்கு ஆயிரம் ரூபாய் கொண்டு வருபவரும் உண்டு. சுற்றுலாப் பணம் கட்டவே வீட்டில் கடன் வாங்கியவரும் உண்டு. கடைத்தெருவில் ஒருத்தர் பை நிறைந்துகொண்டே போகும். இன்னொருத்தர் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பார். கடற்கரையில் அப்படி இல்லை. அலை எல்லார் காலையும் ஒரே மாதிரிதான் நனைக்கும்.

ஆகவே முதலில் பார்ப்போம், கடைசியில் வாங்குவோம். இதோ என் யோசனைகள்:

1. வெயில் ஏறுவதற்குள் மெரினா. அங்கே நாலு பேர் பாறையைப் புரட்டுகிற உழைப்பாளர் சிலையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சிலை வைத்தது 1959-இல். அதே கடற்கரையில் இருக்கும் காந்தி சிலையும் அவர் செய்ததுதான். 1923-இல் சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதல் மே தினத்தைக் கொண்டாடியதும் சென்னையில்தான். ஒரு எச்சரிக்கை: கால் நனைக்கலாம், இறங்கிக் குளிக்கவே கூடாது. அங்கே அலை உள்ளே இழுக்கும்.

2. அடுத்து எழும்பூர் அரசு அருங்காட்சியகம். 1851-இல் தொடங்கியது. அமராவதிச் சிற்பங்களும், திருவெண்காட்டில் கிடைத்த அர்த்தநாரீசுவரர் செப்புத் திருமேனியும் அங்கேதான் இருக்கின்றன. படத்தில் பார்ப்பது வேறு, எதிரே நின்று பார்ப்பது வேறு. ஆசிரியர்கள் கவனத்துக்கு: வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. தேதி குறிக்கும்போது அந்த நாளைத் தவிர்க்க வேண்டுகிறேன்.

3. மாலையில் இரண்டே மணி நேரம் தி.நகர். எழும்பூரில் மின்சார ரயில் ஏறினால் சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம் தாண்டி மாம்பலம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் ரங்கநாதன் தெருதான்! நெரிசலில் மாட்டாமல் போக, ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை 2023-இல் திறந்த ஆகாய நடைபாதை இருக்கிறது.

4. என்ன வாங்கணும்னு ஊரிலேயே சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சீட்டில் இல்லாததை வாங்காதீர்கள். பிளாட்பாரக் கடையில் பேரம் பேசலாம். பெரிய கடைகளில் ஒரே விலைதான், ஆனால் பில் கேட்டு வாங்குங்கள். டப்பாவில் அச்சடித்த விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

5. பையை முதுகில் போடாமல் முன்பக்கம் மாட்டுங்கள். பணத்தை இரண்டு இடத்தில் பிரித்து வையுங்கள். ஆசிரியரின் செல் நம்பரைத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். கூட்டத்தில் பிரிந்துபோனால் எங்கே வந்து நிற்பது என்று முன்கூட்டியே ஒரு இடத்தை முடிவு செய்வோம்.

கடைசியாக ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கைச்செலவுக்கு எல்லாருக்கும் ஒரே உச்சவரம்பு வையுங்கள். இருநூறு ரூபாய் போதும் என்பது என் கருத்து. "என் காசு, நான் செலவு பண்றேன், உனக்கென்ன?" என்று சில நண்பர்கள் கேட்கலாம். காசு உங்களுடையதுதான். ஆனால் நாள் எல்லாருக்கும் பொதுவானது. வீட்டோடு போகும்போது விருப்பம்போல் வாங்கிக்கொள்ளலாம். வகுப்போடு சேர்ந்து போவது இந்த ஒரு தடவைதான். அதில் யாரும் வாசலில் நிற்க வேண்டாம்.

இதில் உடன்பாடு இல்லாதவர்கள் இந்தத் தாளுக்குக் கீழே ஒட்டியிருக்கும் வெள்ளைத் தாளில் எழுதுங்க, பேசுவோம். ஆனால் தேதி முடிவாவதற்குள் எழுதுங்க!

— 10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி